கழற்றி வைக்கப்படாத அலாரம்

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூடுவாஞ்சேரியை அடுத்த ஊரப்பாக்கத்தில், வெடித்த ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய புகை ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொண்டுபோனது. 2023 ஆகஸ்டில் சென்னை மணலிக்குப் பக்கத்தில் மாத்தூரில், கொசுவிரட்டி இயந்திரம் உருகி அட்டைப்பெட்டியின்மேல் விழுந்து பற்றியதில் ஒரு மூதாட்டியும் மூன்று சிறுமிகளும் தூக்கத்திலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். மூன்று வீட்டிலும் ஆளைக் கொன்றது தீயின் சூட்டைவிட முதலில் புகை.

தூங்குகிறவரைப் புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று பலரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. விழித்திருக்கும்போது அடுத்த தெருவில் குப்பை எரிவதைக்கூடக் கண்டுபிடிக்கும் மூக்கு, ஆழ்ந்த தூக்கத்தில் நம்பத்தக்க காவல் இல்லை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. அது தூக்கத்தை அப்படியே மயக்கமாக்கிவிடும். தூக்கத்திலும் ஓரளவு வேலை செய்வது காது. மூக்கு செய்யத் தவறும் வேலையை ஒரு கருவி செய்து காதுக்குச் சொல்வதுதான் புகை அலாரத்தின் மொத்தத் தத்துவமும்.

நம் ஊரில் இது அலுவலகத்துக்கும் ஓட்டலுக்கும் உரிய பொருள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. முற்றமும் ஓட்டுக்கூரையும் இருந்த வீட்டில் அந்த எண்ணத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. புகை ஓட்டிடுக்கு வழியாக வெளியே போய்விடும். இன்றைக்கு நாம் தூங்குவது ஏசி போட்டு, ஜன்னலை இறுக்கிச் சாத்திய கான்கிரீட் அறையில். படுக்கை ஃபோம், சோபா ஃபோம், திரைச்சீலை பாலியஸ்டர். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 1970களின் நடுவில் வீடுகளுக்குள் தீயிட்டுச் சோதித்தபோது, அலாரம் ஒலித்த பிறகு தப்பிக்கச் சராசரியாக 17 நிமிடம் கிடைத்தது. 2004இல் வெளியான அடுத்த சோதனையில் வேகமாக எரியும் தீக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3 நிமிடம். தப்பிக்கும் எல்லையைக் கணக்கிட்ட அளவுகோல் இறுகியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் வீட்டுச் சாமான்கள் பற்றியெரியும் வேகம் கூடியிருப்பதை அந்த ஆய்வே சொல்கிறது. இந்தியாவில் தீ விபத்து மரணங்களில் பாதிக்கும் மேல் குடியிருப்புகளில் நடக்கின்றன என்பதை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரமான குடியிருப்புகளின் தீ எச்சரிக்கை அமைப்பைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. தனி வீட்டிலும் சிறிய அடுக்ககத்திலும் அலாரம் மாட்டுவது நடைமுறையில் அவரவர் விருப்பம்.

இரண்டு நகரங்கள்

அலாரம் உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுத் தரவுகளிலிருந்து பதில் சொல்கிறது: வேலை செய்யும் அலாரம் உள்ள வீட்டுத் தீயில் இறக்கும் அபாயம், அலாரமே இல்லாத அல்லது வேலை செய்யாத வீட்டைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவு. இதில் 'வேலை செய்யும்' என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். ஏன் என்பதை இரண்டு நகரங்களின் அனுபவம் சொல்லும்.

ஓக்லஹோமா நகரத்தில் தீக்காயம் மிகுந்திருந்த ஒரு பகுதியில் 1990இல் பத்தாயிரத்துக்கும் அதிகமான அலாரங்களை இலவசமாக வழங்கினார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அங்கே வீட்டுத் தீயால் காயமடைவோரின் விகிதம் 80 விழுக்காடு குறைந்தது. இதைப் பார்த்து லண்டனில் கேம்டன், இஸ்லிங்டன் ஆகிய உள்நகரப் பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் சற்று அதிகமான அலாரங்களை வழங்கி, முறையான ஒப்பீட்டு ஆய்வாகவே நடத்தினார்கள். 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வந்தது: தீக்காயங்கள் குறையவில்லை. வாங்கிய வீடுகளில் பல அலாரத்தை மாட்டவே இல்லை; மாட்டிய வீடுகளும் பேணவில்லை.

லண்டனின் அந்த முடிவைத்தான் அலாரம் வாங்கப்போகிறவர் முதலில் படிக்க வேண்டும் என்பேன். அலாரம் தோற்பது பெரும்பாலும் தீயிடம் இல்லை, தோசைக்கல்லிடம். தேவையில்லாமல் நாலு தடவை அலறினால் ஐந்தாம் தடவை யாராவது ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியை உருவிவிடுவார்கள். அமெரிக்காவில் தீ நடந்தும் ஒலிக்காமல்போன அலாரங்களை ஆராய்ந்தால், ஐந்தில் இரண்டு அளவுக்குப் பேட்டரி கழற்றப்பட்டோ இணைப்புத் துண்டிக்கப்பட்டோ இருக்கின்றன. எனவே எந்த அலாரம் மிகக் கூர்மையானது என்று கேட்பதைவிட, எந்த அலாரத்தை நம் வீட்டில் பத்து ஆண்டும் யாரும் கழற்ற மாட்டார்கள் என்று கேட்பது பொருத்தம். இந்தக் கட்டுரையின் மீதி முழுவதும் அந்தக் கேள்வியை ஒட்டியே போகிறது.

எந்த உணர்வி

1930களின் கடைசியில் வால்ட்டர் யேகர் என்ற சுவிஸ் இயற்பியலாளர் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவுக்கு அது அசையவில்லை. சலித்துப்போய் சிகரெட் பற்றவைத்தபோது அளவியின் முள் நகர்ந்தது என்பது இத்துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1960களில் கொலராடோவில் டுவேன் பியர்சலின் பட்டறையிலும் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. நிலைமின்சாரத்தைப் போக்கும் கருவியைச் சோதிக்கையில் உதவியாளரின் சிகரெட் புகை அளவீட்டைக் குலைத்தது. அங்கிருந்துதான் பேட்டரியில் ஓடும் வீட்டு அலாரம் பிறந்தது.

இவை இரண்டும் அயனி வகை. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள காற்றை அயனியாக்கி மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. புகைத்துகள்கள் நுழைந்து அயனிகளைப் பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் குறையும், அலாரம் ஒலிக்கும். மாட்டியிருக்கும்வரை இதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை; அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் சில சென்டிமீட்டர் காற்றைத் தாண்டாது. உடைப்பதும் எரிப்பதும்தான் கூடாது. இந்தியாவில் இத்தகைய கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன.

இன்னொன்று ஒளி வகை. கறுப்பான சிறு அறைக்குள் ஒரு அகச்சிவப்பு விளக்கு; அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஒரு உணர்வி. புகை நுழைந்தால் ஒளி சிதறி உணர்வியின்மேல் படும். திடீரென்று கொழுந்துவிட்டு எரியும் தீயின் நுண்துகள்களை அயனி வகை சற்று முந்திப் பிடிக்கிறது. கொழுந்தில்லாமல் கனன்று புகையும் தீயை, மெத்தைக்குள் விழுந்த பீடித் துண்டையோ உருகும் மின்கம்பி உறையையோ, ஒளி வகை பல நேரங்களில் வெகுவாக முந்திப் பிடிக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சோதனையும் இதையே சொன்னது.

பரிசோதனைக்கூடத்தின் கணக்கு இப்படி இரண்டு பக்கமும் இருந்தாலும் வீட்டின் கணக்கு வேறு. அலாஸ்காவின் பழங்குடிக் கிராமங்களில் சிறிய வீடுகளில் இரண்டு வகையையும் பகிர்ந்து மாட்டி ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். அயனி வகை இருந்த வீடுகளில் 92 விழுக்காட்டில் ஒரு தடவையாவது பொய்யலாரம் ஒலித்திருந்தது. ஒளி வகை இருந்த வீடுகளில் 11 விழுக்காட்டில். அயனி வகையில் 19 விழுக்காடு துண்டிக்கப்பட்டிருந்தன. ஒளி வகையில் 4. சிறிய வீடு, அடுப்புக்கு அருகிலேயே படுக்கை என்பதுதான் அங்கும் நிலைமை. இதற்கு எதிரான ஒரு சான்றையும் மறைக்கக் கூடாது: கேம்டனின் நகராட்சிக் குடியிருப்புகளில் பல வகைகளை மாட்டி ஓராண்டுக்கு மேல் கழித்துச் சரிபார்த்த ஆய்வில், ஏறக்குறைய பாதி அலாரங்களே வேலை செய்தன, அவற்றில் நன்றாகத் தாக்குப்பிடித்தது நீண்டகால லித்தியம் பேட்டரியும் தற்காலிகமாக அடக்கும் பொத்தானும் கொண்ட அயனி வகை. ஆக, உணர்வி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பேட்டரி மாற்றும் வேலை இல்லாமையும், ஏறிக் கழற்றாமலே அடக்க முடிவதும் அதே அளவு முக்கியம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது: நம் வீட்டுப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் ஒளி வகை, மூடி முத்திரையிட்ட பத்தாண்டு லித்தியம் பேட்டரி, அடக்கும் பொத்தான். தாளிப்பின் கமறல், சப்பாத்தி சுடும் புகை, காலைக் கற்பூரம் எல்லாம் அயனி வகையைச் சீண்டும். அமெரிக்கத் தரமான யு.எல். 217-இன் எட்டாம் பதிப்பிலிருந்து சமையல் புகைக்கும் ஃபோம் புகைக்கும் வேறுபாடு காணும் சோதனையே சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிப்பின்படி வந்த கருவி கிடைத்தால் அது இன்னும் மேல்.

வாங்குமிடத்தில் ஒரு பொறி

மின்சாமான் கடைகளிலும் இணையத்திலும் ஒரே படம் போட்டு இரண்டு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று, தானே உணர்ந்து தானே அலறும் தனி அலாரம். மற்றொன்று, கட்டடங்களின் கட்டுப்பாட்டுப் பலகையோடு இரண்டு கம்பியால் இணைக்கப்படும் டிடெக்டர். பின்னதை வாங்கி வீட்டுக் கூரையில் ஒட்டினால் அது ஆயுள் முழுவதும் ஊமை. உள்ளே ஒலிப்பான் கிடையாது, பலகையிலிருந்து வரும் மின்சாரம் இல்லாமல் உணர்வியும் இயங்காது. விலை குறைவு என்பதால் இதை வாங்குகிறவர்கள் உண்டு. "பேட்டரி எங்கே போடுவது, சத்தம் எங்கிருந்து வரும்" என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும். கருவியின்மேல் ஈ.என். 14604 அல்லது யு.எல். 217 என்ற தரக்குறியீடும், பின்பக்கம் உற்பத்தித் தேதியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிடங்கில் மூன்று ஆண்டு கிடந்த சரக்கு என்றால் பத்து ஆண்டு ஆயுளில் மூன்று ஏற்கெனவே போய்விட்டது.

அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் "பில்டர் ஏற்கெனவே போட்டிருக்கிறார்" என்று நிம்மதியாக இருப்பதும் சரியில்லை. கூரை டிடெக்டரின்மேல், பூச்சு வேலையின்போது தூசிக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கீழ்த்தளத்துப் பலகை உயிரோடு இருக்கிறதா, அல்லது வாட்ச்மேனுக்குத் தொந்தரவு என்று ஒலி அடைக்கப்பட்டிருக்கிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட அறை இருந்தால் ரேடியோ அலையால் ஒன்றோடொன்று இணையும் அலாரங்களுக்குக் கூடுதலாகச் செலவு செய்யலாம். ஹாலில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர் புகைந்தால், ஏசி ஓடும் அறைக்குள் இருப்பதும் சேர்ந்து அலறும். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீட்டுக்கும் இப்படி இணைந்த அலாரம் சட்டப்படி தேவை; ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2027 ஜனவரிக்குள் எல்லா வீட்டிலும் இணைந்த ஒளி வகை இருக்க வேண்டும். செல்போனுக்குச் செய்தி அனுப்பும் வைஃபை வசதி, பெற்றோர் ஊரில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் அது உபரிதான். தூங்குகிறவரை எழுப்புவது கூரையிலிருக்கும் ஒலிப்பான். இணையம் அறுந்தாலும் அது அலற வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் இயங்கி, பின்பலத்துக்குப் பேட்டரி வைத்த வகை புதிதாகக் கட்டும் வீட்டுக்கு நல்லது. கட்டி முடிந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் பேட்டரி வகையே நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு திருகாணிக்கு எந்த வீட்டுக்காரரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

எங்கே மாட்டுவது

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் அடிப்படை எளிது: ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே பொது வழியில் ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒன்று. கூரையின் நடுப்பகுதியே நல்ல இடம். சுவரில் என்றால் கூரையிலிருந்து ஓரடிக்குள்.

கூரையின் நடுவில் நம் வீட்டில் என்ன இருக்கிறது? மின்விசிறி. அது சுழலும்போது புகையைச் சிதறடித்து அலாரத்துக்குப் போகவிடாது. அமெரிக்க விதி, இறக்கையின் நுனியிலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் தள்ளி மாட்டச் சொல்கிறது. ஏசியின் காற்று வரும் வாய்க்கும் அதே தூரம். பத்துக்குப் பத்து அறையில் இது எளிதில்லை. விசிறிக்கும் சுவருக்கும் நடுவில், ஏசிக்கு எதிர்ப்பக்கமாக ஒரு இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். அது கிடைக்காத அறையில் கதவுக்கு மேலே சுவரில் மாட்டலாம். கையேட்டின் இலட்சிய இடத்தைத் தேடி மாட்டாமலே விடுவதைவிடச் சுமாரான இடத்தில் மாட்டுவது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு விஷயம் நம் தட்பவெப்பத்துக்கே உரியது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்படும் பல அலாரங்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 4 முதல் 38 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள கூரை அதைச் சாதாரணமாகத் தாண்டும். தகரக் கூரைக்குக் கேட்கவே வேண்டாம். சூட்டில் மின்னணுப் பாகமும் பேட்டரியும் சீக்கிரம் கெடும். வேறொரு சிக்கலும் உண்டு: கூரைக்குக் கீழே தேங்கி நிற்கும் சூடான காற்று, கனன்று எழும் பலவீனமான புகையை மேலே ஏறவிடாமல் தடுக்கும். ஆகவே மேல்மாடியிலும் தகரக் கூரையிலும் கூரையை விட்டுவிட்டு உட்புறச் சுவரில் மாட்டுவதும், 50 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று குறித்த மாதிரியைத் தேடி வாங்குவதும் நல்லது. முற்றமுள்ள ஓட்டு வீட்டில் ஹாலில் மாட்டும் அலாரத்துக்குப் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது. அங்கே தூங்கும் அறைக்குள் மாட்டுவதுதான் அர்த்தமுள்ள செயல்.

சமையலறையில் புகை அலாரம் வேண்டாம். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஒரே அறையும் சமையல் மேடையுமாக இருக்கும் வீட்டில், முடிந்தவரை தூரத்தில், அடக்கும் பொத்தானோடு. சமையலறைக்கென்று வெப்ப அலாரம் என்ற தனி வகை இருக்கிறது. அது புகையைப் பார்ப்பதில்லை. சுற்றுவெப்பம் 57, 58 டிகிரி அளவைத் தொட்டால் ஒலிக்கும். அடுப்பில் மறந்த எண்ணெய்ச் சட்டி பற்றினால் அது சொல்லும், மிளகாய் வறுத்தால் பேசாமல் இருக்கும். ஆனால் புகை அலாரத்துக்கு அது மாற்று இல்லை. அந்தச் சூடு வருவதற்குள் அடுத்த அறையில் புகை நிரம்பிவிடும்.

பூஜையறை பல வீடுகளில் ஹாலிலேயே ஒரு அலமாரி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீட்டில் அதற்கு மேலே அலாரம் மாட்டினால் அடுத்த வெள்ளிக்குள் அது பரணில் கிடக்கும். குளியலறைக் கதவுக்கு நேரெதிரேயும் வேண்டாம். கீசரின் நீராவி ஒளி வகைக்குப் புகை போலவே தெரியும். கொசுவர்த்திச் சுருள் கொளுத்தும் வீடுகளுக்கு என் யோசனை, சுருளை விட்டுவிட்டு வலைக்கு மாறுவது. மூடிய அறையில் இரவு முழுவதும் அந்தப் புகையைச் சுவாசிப்பது அலாரம் இல்லாவிட்டாலும் நல்லதில்லை.

மின்சார ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் இருக்கும் இடத்துக்கு அருகில் ஒரு அலாரம் அவசியம். ஸ்கூட்டரை வெளியேறும் வழியில் நிறுத்தி இரவில் சார்ஜ் போடுவதை அலாரம் நியாயப்படுத்தாது. வாசலை அடைத்துக்கொண்டு எரியும் தீயை அலாரம் அறிவித்து என்ன பயன்?

யாரை எழுப்புவது

தரக்குறியீடு பெற்ற அலாரம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் ஒலிக்கும். சாத்திய கதவு அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அதன்மேல் ஏசி இரைச்சல், விசிறி இரைச்சல். தலையணையருகே 75 டெசிபலாவது கேட்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. படுக்கையறைக்குள்ளேயே அலாரம் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

வழக்கமான அலாரத்தின் ஒலி 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே உள்ள கீச்சொலி. முதுமையில் முதலில் மங்குவது அந்த உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான். ஆஸ்திரேலியாவில் டோரதி புரூக் பல ஆண்டுகள் நடத்திய தூக்க ஆய்வுகள், 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி முதியவர்களையும் செவித்திறன் குறைந்தவர்களையும் குழந்தைகளையும் மது அருந்தியவர்களையும் மேலாக எழுப்புகிறது என்று காட்டின. நம் கடைகளில் தாழ்ஒலி அலாரம் அரிது. கிடைக்காதவரை, சிறு பிள்ளைகள் தாமாக எழுந்துவிடுவார்கள் என்று நம்பாமல், அவர்களை யார் தூக்குவது, பாட்டியை யார் கைபிடிப்பது என்று பெரியவர்கள் முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். அலாரத்தின் ஒலியைப் பிள்ளைகளுக்குப் பகலில் ஒருமுறை கேட்கக் கொடுங்கள். மூன்று பீப், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று பீப் என்பது தீக்கான சர்வதேசத் தாளம். நான்கு பீப் என்றால் கார்பன் மோனாக்சைடு.

அலாரம் ஒலித்த பிறகு கதவு திறக்க வேண்டுமே! திருட்டுக்குப் பயந்து கிரில் கேட்டை உள்ளே பூட்டி, சாவியை அலமாரியில் வைத்துத் தூங்குகிறோம், ஜன்னலுக்குக் கம்பி. கிடைக்கும் 3 நிமிடத்தில் புகையிருட்டில் சாவி தேடுவதற்கு இடமில்லை. கிரில் சாவி கேட்டுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைநுழைத்து எட்ட முடியாத ஆணியில், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். அலாரம் வாங்கும் அதே நாளில் இதையும் முடித்துவிட வேண்டும்.

புகை அலாரம் காணாதவை

சமையல் வாயுக் கசிவைப் புகை அலாரம் அறியாது. வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதற்கான கருவி வேறு, அதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்க வேண்டும். கசிவு நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம். கார்பன் மோனாக்சைடையும் சாதாரணப் புகை அலாரம் அறியாது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் கரி மூட்டி அறையைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழாமல்போன செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. காற்றுப்போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்தவர்களுக்கும் அதே அபாயம். அந்த வீடுகளுக்குத் தனி கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவது அதற்கும் முந்தைய கடமை.

பேணுதல்

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும். எட்டாவிட்டால் ஒட்டடைக் கம்பின் முனையால் அழுத்தலாம். அது பேட்டரியும் ஒலிப்பானும் மின்சுற்றும் உயிரோடிருக்கின்றன என்று சொல்லும். ஆனால் வலை அடைத்துப் புகை நுழைய முடியாமல் இருப்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான தூரிகையாலோ வாக்குவம் கிளீனரின் தூரிகை முனையாலோ சுற்றிலும் தூசி எடுக்க வேண்டும். ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் கூடாது. சிலந்தி, சிறு பூச்சிகள் உள்ளே புகுந்து ஒளி உணர்வியை மறைத்தால் காரணமில்லாமல் அலறும். பல்லி பின்பக்க இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். கரப்பான் மருந்தை அலாரத்தின்மேல் நேராக அடிக்காதீர்கள்.

ஊதுபத்தியைக் காட்டிச் சோதிக்கும் ஆசை நம் ஊரில் எல்லாருக்கும் வரும். எண்ணெய்ப்பிசுக்கு உள்ளே படியும், தணல் பட்டால் பிளாஸ்டிக் உருகும். பொத்தான் போதும். வெள்ளையடிக்கும்போது பாலிதீன் சுற்றி மூடுங்கள், வேலை முடிந்த அன்றே பிரித்துவிடுங்கள். அலாரத்தின்மேல் பெயிண்ட் ஒரு சொட்டும் படக்கூடாது. போகி காலையில் தெருப்புகை உள்ளே வந்து அலறினால் ஜன்னலைச் சாத்தி அடக்கும் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும், கழற்றத் தேவையில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை 'கிக்' என்று ஒற்றை ஒலி வந்தால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். இது பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கும். குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் சற்று இறங்குவதே காரணம். அந்த நேரத்து எரிச்சலில் கழற்றி இழுப்பறையில் போட்ட அலாரங்கள் திரும்ப மாட்டப்படுவது அரிது. மாற்று பேட்டரி போடும் வகை என்றால் ஒரு உபரி பேட்டரியை வாங்கி வையுங்கள். கையேடு சொல்லும் வகையையே போடுங்கள், ரீசார்ஜ் வகை வேண்டாம். பேட்டரி புதிதாக இருந்தாலும், உற்பத்தித் தேதியிலிருந்து பத்து ஆண்டு ஆனதும் முழு அலாரத்தையும் மாற்ற வேண்டும். கார்பன் மோனாக்சைடு உணர்வியின் ஆயுள் பலவற்றில் இதைவிடக் குறைவு; பெட்டியில் போட்டிருக்கும்.

ஆறு மாதத் தூய்மைக்கு நம் நாட்காட்டியிலேயே இரண்டு நாள்கள் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள எல்லாக் கருவியையும் துடைக்கிறோம். அதிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளி வருவது சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14. 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்த வெடிப்பில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக இந்தியா முழுவதும் தீயணைப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதும் அதே நாள்தான்.

அரசு செய்யக்கூடியதும் உண்டு. பிரான்ஸ் 2015 மார்ச்சிலிருந்து எல்லா வீட்டுக்கும் அலாரத்தைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2018 ஜூனிலிருந்து புதிய வீடுகளுக்கு விதித்து, வாடகைக் குடியிருப்புகளில் தானே மாட்டிக்கொடுத்தது. தமிழ்நாட்டில் கட்டட அனுமதியோடு இதைச் சேர்க்கலாம்; அதற்கு முன்பே முதியோர் இல்லங்கள், மகளிர் விடுதிகள், குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்ககங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஆனால் பெட்டிகளை விநியோகித்துவிட்டுப் போனால் லண்டனின் கதைதான் நமக்கும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடத்தித் துண்டறிக்கையும் செயல்விளக்கமும் தருகிறது. அந்த வாரத்தில் ஒவ்வொரு நிலையமும் தன் எல்லையில் ஒரு தெருவைத் தேர்ந்து, வீரர்களே ஏணி போட்டு அலாரங்களை மாட்டிக்கொடுத்து, அடுத்த ஏப்ரலில் அதே தெருவுக்குப் போய் ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்தி, எத்தனை இன்னும் ஒலிக்கின்றன, ஒலிக்காதவற்றை ஏன் கழற்றினார்கள் என்று எழுதி வெளியிட வேண்டும். எந்த வகை, எந்த இடம் நம் வீடுகளில் நிலைக்கிறது என்பதற்கு அலாஸ்காவையும் கேம்டனையும் மேற்கோள் காட்டாமல் நம் தெருக்களின் கணக்கையே பிறகு காட்டலாம்.